பயந்தால் எங்கே போகும்?

போன கிழமை ஜெயந்தன் தொலைபேசி எடுத்தான். கப்பல்துறையில் கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே பராமரிப்பு வேலையைப் பார்ப்பவன் அவன். குரங்குகளுக்குப் புதிய கூடுகள் வருகின்றனவாம். இனி இங்கே வெல்டிங் பிடிக்கிற வேலையே இல்லையாம். எல்லாம் கொழும்பில் செய்து, துண்டு துண்டாக லொறியில் வந்து இறங்கும். நட்டு முடுக்கி நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஒப்பந்தக்காரருடைய பொறியியலாளர் காப்பகத்தின் விதிகளை வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டாராம்.

“அண்ணை, ‘கூடு கட்டினவர் ஒரு பகல் அதுக்குள்ளை இருக்க வேணும்’ எண்டு கிடக்குது. இதென்ன பகிடியோ எண்டு கேட்டுச் சிரிக்கிறார். நான் என்ன சொல்லுறது?”

“ஓம், இருக்கத்தான் வேணும் எண்டு சொல்லு.”

“ஏனெண்டு கேக்கிறாரே.”

அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. எழுதித் தருகிறேன் என்றேன். வாசித்த பிறகும் அவருக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும், எனக்கொன்றும் இல்லை.

நான் இரும்பு வேலைக்காரன். துறைமுகப் பக்கம் படகு திருத்தும் பட்டறை ஒன்றில் வெல்டிங் பழகி, அங்கேயே பல வருடங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பட்டறையை மூடினார்கள். பிறகு கிடைத்தது காப்பக வேலை. நேர்முகப் பரீட்சையில் மிருகங்களுக்குப் பயமா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். இரும்புக் கம்பிக்கு வெளியே நின்று வேலை செய்பவனுக்கு என்ன பயம்?

அந்த நாட்களில் நான் கட்டிய கூடுகளைப் பார்த்தால் யாருக்கும் படகுப் பட்டறை ஞாபகம் வரும். இரட்டைக் குழாய்ச் சட்டம், தடித்த கம்பிவலை, கொங்கிறீற் நிலம், நடுவில் சரிவு, மூலையில் நீர் வழியும் துளை. காலையில் குழாயைத் திறந்து பினாயிலும் ஊற்றிக் கழுவிவிட்டால் பளபளவென்று இருக்கும். மேலே தகரம். தகரத்துக்குக் கீழே குரங்குகள் இருக்க ஒரு பலகைத் தட்டு. மேலதிகாரிகள் வந்து பார்த்து, ஒரு மிருகமும் தப்பிப் போனதில்லை என்று மெச்சிவிட்டுப் போவார்கள். எனக்கும் அதில் நல்ல பெருமை இருந்தது.

டொக்டர் சுகந்தி பொறுப்பேற்று வந்தது அதன் பிறகுதான். மெலிந்த மனுசி. அவர் சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. வந்த புதிதில் ஒரு கட்டளையும் இடவில்லை. காலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ச் செங்குரங்குக் கூட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருப்பார். பிளேன்டீ கொண்டுபோனால் “வையுங்கோ” என்பார். அது ஆறி, எறும்பு விழுந்து, பிறகு நாங்களே எடுத்து ஊற்றுவோம். குரங்குகளுக்குத் தீன் போடுகிற பரமேஸ், “இவ படம் பாக்க வந்தவ போல கிடக்கு” என்றான்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, இந்தச் சீமெந்து நிலம் ஏன்?”

“கழுவச் சுகம் டொக்டர்.”

“ஆருக்கு?”

அவர் விடைக்காகக் காத்திருக்கவில்லை. “அரைவாசியை உடைப்பம். அரைவாசி உங்களுக்கு, கழுவுங்கோ. மற்ற அரைவாசி மண்ணும் சருகும்” என்றார். அவருடைய வழக்கமே அதுதான். எதையும் முழுதாகப் பிடுங்கமாட்டார். பாதியை விட்டுத்தருவார், நாங்களும் வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்வோம். மண் போட்ட அன்றே குரங்குகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சருகைக் கிளறத் தொடங்கின. என்னுடைய பாதியில் ஒன்றும் இருக்கவில்லை. சில நாள் பொறுத்திருந்துவிட்டு, நானே அலவாங்கை எடுத்து மிச்சத்தையும் உடைத்தேன்.

கயிறு விஷயத்திலும் இப்படித்தான். தொங்கிக்கொண்டு ஏறட்டும் என்று நிலாவெளியில் தெரிந்த கரைவலைக்காரரிடம் கேட்டுப் பழைய நைலோன் கயிறு ஒரு கட்டுக் கொண்டுவந்தேன். டொக்டர் அதன் நுனியைப் பிரித்து நூலை என்னுடைய சுண்டுவிரலில் சுற்றி இழுத்தார். விரல் நீலம் பாய்ந்துவிட்டது. “குட்டிக் குரங்கின்ரை விரல் இதிலை மாட்டினால் அறுந்துதான் வரும். தும்புக் கயிறு நைஞ்சாலும் இப்பிடிச் சுத்தாது” என்றார். சொன்னது அவ்வளவுதான். நைலோன் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டைக் கட்டினேன்.

கூட்டைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி. “பயந்தால் எங்கை போகும்?” நான் கீறிக்கொண்டு போன படத்தில் விரலை வைத்து, “இதிலை நிக்கிற குரங்கை மற்றது துரத்திக் கலைச்சால் எங்கை போகும்?” என்பார். நான் கதவு, பூட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் கீறியிருப்பேன். அந்தக் கேள்விக்கு மட்டும் படத்தில் இடம் இருக்காது. கடைசியில் அவரே ஒரு விதி போட்டார். கூட்டைக் கட்டினவர், மிருகத்தை விடுவதற்கு முன்னர், ஒரு பகல் முழுக்க உள்ளே இருந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் நான் கதிரையோடு போனேன். “குரங்குக்குக் கதிரை இல்லை” என்று வாங்கி வெளியில் வைத்துவிட்டார். போனையும் வாங்கிக்கொண்டார். கீழே இருந்தேன். பத்து மணி போல வெயில் நேரே முகத்தில் அடித்தது. மேலே போவோம் என்று ஏணி வைத்துத் தட்டில் ஏறினேன். மத்தியானம் தகரம் சுடத் தொடங்கியது. தலைக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் தோசைக்கல்லை வைத்தது போல இருந்தது. இறங்கிக் கீழே ஓடிவந்துவிட்டேன். பரமேஸ் வலைக்கு வெளியே நின்று, “அண்ணை, தீன் போடட்டோ?” என்று கேட்டான். அவனுக்கு அப்போது என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மத்தியானத்தில் குரங்குகள் எல்லாம் நிலத்தில் வந்து குந்தியிருக்கும். அவைக்கு நிலம்தான் விருப்பம் என்று நாங்கள் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு தகரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு பரப்பிக் கட்டினேன். கீழே கட்டினால் குரங்குகள் பிய்த்துவிடும். அடுத்த நாளிலிருந்து மத்தியானத்தில் தட்டில் இடம் பிடிக்க அவை சண்டை போட்டன.

இனிச் சின்னியின் கதை.

சின்னி நிலாவெளியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வளர்ந்த பெண் செங்குரங்கு. குட்டியாக இருந்தபோது யாரோ கொண்டுவந்து கொடுத்து, முதலாளி வாங்கி வளர்த்தவர். இடுப்பில் தோற்பட்டி, பட்டியிலிருந்து சங்கிலி, சங்கிலி தென்னையில். வருகிறவர்களிடம் சோடாப் போத்தல் வாங்கிக் குடிக்கும், படமெடுக்க நிற்கும். ஒரு வெள்ளைக்காரி முறைப்பாடு செய்து, பொலிஸ் போய், மிருகவதை வழக்காகிவிட்டது. வழக்கு முடியும்வரை காப்பகத்தில் வைத்திருக்கச் சொல்லி நீதிமன்றம் எங்களிடம் அனுப்பியது.

வரும்போது நல்ல கொழுப்பு. இடுப்பைச் சுற்றி மயிர் இல்லாமல் ஒரு வளையம், தோல் தடித்துக் கறுத்திருந்தது. டொக்டர் முதலில் தனியாக வைத்தார். மனிதரோடு வாழ்ந்த குரங்கு, காசநோய் இருக்கலாம் என்று பரிசோதித்தார். பிறகு கூட்டத்துக்குப் பக்கத்தில், நடுவில் வலை மட்டும் இருக்கிற மாதிரி விட்டார். பார்க்கட்டும், மணம் பிடிக்கட்டும், அவசரம் வேண்டாம் என்றார். சின்னி மற்றக் குரங்குகளைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்குள் விட்ட அன்று ‘கிழவி’ என்று நாங்கள் கூப்பிடுகிற மூத்த பெண்குரங்கு, ஒரு காது கிழிந்தது, அதைத் துரத்தியது. பின்னால் மற்றவையும். சின்னி ஓடிப்போய்ப் பின்மூலையில் ஒடுங்கிக்கொண்டது. அங்கிருந்து வெளியேற வழி இல்லை. பரமேஸ் தீன் தட்டத்தில் ஓங்கி அடித்து மற்றவற்றின் கவனத்தைத் திருப்பித்தான் அதை எடுத்தோம். சின்னியின் கையில் பெரிய கடிகாயம்.

காயம் ஆறிய பிறகும் ஒரு தொல்லை. செங்குரங்குகள் தீனைக் கன்னத்தில் அடக்கி வைத்துப் பிறகு தின்னும். கூட்டத்தில் அதிகாரத்தில் மேலே இருக்கிறது கீழே இருப்பதன் வாயைப் பிளந்து கன்னத்தில் இருப்பதைத் தோண்டி எடுத்துவிடும். சின்னிக்கு அந்த வழக்கம் தெரியாது. தட்டத்துக்கு வந்து நிறைய அடக்கிக்கொண்டு கிழவிக்கு முன்னாலேயே போய் இருக்கும். கிழவிக்கு நல்ல வசதி. சின்னி மெலிந்துகொண்டே போனது.

ஹோட்டல் முதலாளிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. சட்டத்தரணி மூலம் மனுப் போட்டார். என்னிடம் கொழுத்து இருந்த மிருகம் காப்பகத்தில் மெலிகிறது, கடியும் வாங்கியிருக்கிறது, வழக்கு முடியும்வரை என்னிடமே பிணையில் தாருங்கள் என்று. அதில் ஒரு வரி கூடப் பொய்யில்லை. எங்கள் நீதிமன்றங்களில் வழக்கு எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? பிணையில் போனால் சின்னி சாகும்வரை தென்னையோடுதான். நீதவான், அடுத்த தவணைக்கு முதல் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

டொக்டர் குரங்குகளைப் பக்கத்துக் கூட்டுக்கு மாற்றிவிட்டு, எங்கள் இருவரையும் வெறுங்கூட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

“பரமேஸ், நீங்கள் கிழவி. அண்ணை, நீங்கள் சின்னி. கலையுங்கோ.”

நாங்கள் பகிடி என்று நினைத்தோம். அவர் முகத்தில் பகிடி இல்லை. பரமேஸ் கலைத்தான், நான் ஓடினேன். என்னுடைய வயதுக்கும் வயிற்றுக்கும் அது பார்க்கக் கூடிய காட்சியில்லை. பின்மூலையில் போய் முட்டிக்கொண்டேன். “நில்லுங்கோ” என்றார் டொக்டர். “இப்ப எங்கை போவியள்?” போக இடமில்லை. நானே வெல்டிங் பிடித்த மூலை. திரும்பினால் பரமேஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். விளையாட்டுத்தான், ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த மூலையில் ஒரு வழி வெட்ட வேண்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

இந்த நேரம் பார்த்து ஹோட்டல் முதலாளி வந்து நின்றார், சின்னிக்குப் பிஸ்கற் கொண்டு. கூட்டுக்குள் இரண்டு ஆம்பிளைகள் ஓடிப் பிடிக்கிறார்கள்.

“இவையளிட்டையோ என்ரை பிள்ளையை விட்டிருக்கினம்?” என்று தன் சாரதியிடம் கேட்டார்.

கூட்டத்தின் கூட்டுக்கும் பக்கத்துக் கூட்டுக்கும் நடுவே இரண்டு இடங்களில் வலையை வெட்டி வழி திறந்தேன். ஒன்றால் போய் மற்றதால் திரும்பி வரலாம். ஓடுகிறது எந்த இடத்திலும் முட்டிக்கொள்ளாது. வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடித்து, அரத்தால் ராவி, கையால் தடவிப் பார்த்தேன். நடுநடுவே பலகை மறைப்புகள் நிறுத்தினேன், மறைப்புக்குப் பின்னால் இருப்பதை மற்றது காணாது. தட்டத்தை டொக்டர் தூக்கி எறிந்துவிட்டார். அதன் பிறகு பரமேஸ் கச்சான் கடலையையும் கொய்யாத் துண்டுகளையும் சருகுக்குள், மூங்கில் ஓட்டைக்குள், கூரை வலைக்கு மேலே என்று பத்து இடத்தில் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. “எனக்கு இப்ப குரங்குகளோடை கண்ணாமூச்சி விளையாடத்தான் சம்பளம்” என்று முணுமுணுத்தான். எல்லாம் முடிந்த பிறகு நான் மறுபடியும் ஒரு பகல் உள்ளே இருந்தேன். இந்த முறை யாரும் சொல்லாமலே கதிரையை வெளியில் வைத்துவிட்டுப் போனேன்.

சின்னியை மறுபடி விட்டோம். கிழவி கலைத்தது. சின்னி ஒரு வழியால் போய் மற்ற வழியால் வந்து பலகைக்குப் பின்னால் இருந்துகொண்டது. கிழவிக்கு அலுத்துவிட்டது. அதன் பிறகு கடி இல்லை. நிறை குறைவதும் நின்றது. ஆனால் சின்னி கூட்டின் ஒரு அந்தத்தில் தனியாக இருக்கும். மற்றவை ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு இருக்கும்போது அது எங்களுடைய பாதையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அதன் உடம்பில் ஒரு குரங்கும் கை வைக்கவில்லை.

நீதவான் வருவதற்கு முதல் நாள் நான் டொக்டரிடம் சொன்னேன், கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம், கடி இல்லைத்தானே என்று.

“அடி விழாமல் இருக்கிறது வேறை அண்ணை. கூட்டத்திலை இருக்கிறது வேறை. இன்னும் சேரேல்லை எண்டுதான் நான் சொல்லுவன்.”

“சொன்னால் கொண்டு போயிடுவினம் டொக்டர்.”

“ஓம்” என்றார். எனக்கு அவர் மீது கடுங்கோபம் வந்தது. இந்த மனுசிக்கு இரக்கம் என்று ஒன்று இல்லையோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நீதவான் பின்நேரம் வந்தார். அதிகம் கதைக்காதவர். முதலாளியும் வந்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கடைப்பை. பையிலிருந்து ஒரு புதிய பட்டியை எடுத்து நீதவானுக்குக் காட்டினார். சிவப்புத் தோல், உள்ளே ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்தது. “இனி இது அறுக்காது ஐயா. சங்கிலியையும் நீட்டிப் போடுறன். நிழலுக்கு ஒரு கொட்டிலும் போட்டிருக்கிறன்” என்றார். நகரத்தில் ஆளைப் பிடித்துச் சொல்லித் தைப்பித்திருக்கிறார். அந்த மனிதருக்கு அதன் மீது அன்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பிறகு வலையடிக்குப் போய், “சின்னி, வா மோனை” என்றார்.

சின்னி குரலைக் கேட்டதும் இறங்கி வந்தது. நேரே அவருக்கு முன்னால் வந்து இருந்தது. அவர் கையிலிருந்த பட்டியைப் பார்த்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பைத் திருப்பிக் காட்டியது.

“பாத்தியளே ஐயா? தானாக் கையைத் தூக்குது. நான் ஒருநாளும் பலவந்தமாக் கட்டினதில்லை.”

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இடுப்பு வளையத்தில் அப்போதுதான் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீதவான் டொக்டரைப் பார்த்தார். “இது மற்றதுகளோடை சேர்ந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை ஐயா.”

நீதவான் திரும்பிச் சின்னியைப் பார்த்தார். நடுவில் வலை இருந்ததால் பட்டி சின்னியிடம் வரவில்லை. பட்டி வராததால் சின்னி கையை இறக்கவும் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு இருந்தது.

கிழவி மேலே தட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மெல்ல இறங்கி, பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. பரமேஸ் பழக்கத்தில் தட்டத்தைத் தேடிக் கையை நீட்டினான். டொக்டர் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினார். வேறு நேரமென்றால் சின்னி ஓடியிருக்கும். இப்போது அதன் கண் பட்டியிலேயே இருந்தது.

செங்குரங்குகள் ஒன்றிடம் ஒன்று பேன் பார்க்கக் கேட்பதும் கையைத் தூக்கிக் காட்டித்தான். கிழவி அருகில் வந்து சின்னியின் அக்குளை மணந்து பார்த்தது. குந்திக்கொண்டது. இரண்டு கையாலும் மயிரைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது.

சின்னியின் உடம்பு விறைத்துப் போயிருந்தது. கிழவி அக்குளை முடித்துவிட்டு முதுகுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் சின்னியின் ஒரு கை தானாக இறங்கியது. பிறகு மற்றதும். கண் அரைவாசி மூடியது. கழுத்தைச் சரித்துக் கொடுத்தது. டொக்டர் அப்போதும் பரமேஸின் கையை விடவில்லை, பிடித்திருந்ததை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

முதலாளி என் பக்கம் வந்து, மெதுவாகக் கேட்டார்.

“அண்ணை, உது என்ன செய்யுது? கடிக்காதோ?”

“கடிக்காது. பேன் பாக்குது.”

“சின்னிக்குப் பேன் இல்லை. நான் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினனான்.”

“பேன் இல்லாட்டிலும் பாக்குங்கள். அது அவையின்ரை வழக்கம்.”

அவர் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கடை இடத்திலை ஒரு குறையும் இல்லாமல்தான் வைச்சிருந்தனான்” என்றார் பிறகு. “உப்பிடி அதுக்கு ஆரும் செய்யேல்லை.”

பட்டியைத் தடவிக்கொண்டு மறுபடி கேட்டார்.

“அண்ணை, போறதுக்கு முன்னம் ஒருக்காக் கூப்பிட்டால் குழப்பமாப் போகுமோ?”

“ஓம். எழும்பி உங்களிட்டை வந்திடும்.”

அவர் பட்டியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கூப்பிடவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துபோய், மனுவைக் கைவிடுகிறேன் என்று நீதவானிடம் சொன்னார்.